ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்? 25 மீட்டர்ல குரூப் (ஒரே குறிக்கு அடிச்ச ஓட்டைகளோட கூட்டம்) விரியுது

உடுமலைத் தோப்பு:

வணக்கமுங்க. ரைபிள் உள்நாட்டு மேக், பிரேக் பேரல் (குழலை மடிச்சு பெல்லட் போடறது), ஸ்பிரிங் பிஸ்டன் (ஸ்பிரிங் தள்ளற பிஸ்டன் காத்தை அழுத்திச் சுடறது), 4.5 மி.மீ. வாங்கி எட்டு மாசம், 1,200 ரவைக்குப் பக்கம் ஓடியிருக்கு. மேல சாதாரண 4×32 ஸ்கோப்.

10 மீட்டர்ல அஞ்சு ரவையும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற அளவுக்குள்ள விழுந்துருது. 25 மீட்டர்ல அதே அஞ்சு ரவை எட்டு செ.மீ. அகலத்துக்கு விரியுது. கூர்முனை, உருண்டைத்தலை, தட்டைத்தலைன்னு மூணு டப்பா மாத்தியாச்சு. உருண்டைத்தலையில ஒரு நாள் மூணு ரவை 14 மி.மீ.க்குள்ள சேர்ந்துச்சு. சரி இதுதான்னு முடிவு பண்ணி மறுநாள் அடிச்சா 45 மி.மீ.

எந்த பெல்லட் வாங்கறதுங்க? ஒவ்வொண்ணுலயும் 500 ரவை டப்பா வாங்கிக் காசைக் கரைக்காம கண்டுபிடிக்க வழி இருக்குதுங்களா? கடையில "கனமான பெல்லட் போடுங்க, காத்துக்கு அசையாது"ங்கறாங்க. ஸ்பிரிங்குக்கு அது சரிப்படுமா?


நொய்யல்கரை:

பெல்லட் பேச்சுக்கு முன்னாடி உங்க கணக்கையே கொஞ்சம் பிரிச்சுப் பார்த்துருவோம்ங்க. ஒரு ரூபாய்க் காசு 22 மி.மீ. ஓட்டைகளோட வெளி விளிம்பு அதுக்குள்ள அடங்குதுன்னா, பெல்லட் அகலம் 4.5ஐக் கழிச்சு மையத்துக்கு மையம் 17.5 மி.மீ. தூரம் ரெண்டரை மடங்கு ஆகறப்ப விரிசலும் ரெண்டரை மடங்கு ஆகி 44 மி.மீ. வரணும். உங்களுக்கு வர்றது 75.

அப்படீன்னா ரெண்டு கோளாறு கலந்து கிடக்குது. 10 மீட்டர்லயே 17.5ங்கறது நெம்பப் பெருசு. சுமாரான ஸ்பிரிங் ரைபிள்கூட ஓரளவு ஒத்துப்போற பெல்லட்டுல 10 மீட்டர்ல 6 இல்லாட்டி 8 மி.மீ. காட்டணும். அந்த விரிசல் துப்பாக்கியில, ஸ்கோப்புல, பிடிக்கிற விதத்துல இருந்து வருது. 10க்கும் 25க்கும் நடுவுல கூடுதலா விரியறதுக்குக் காத்து காரணமா இருக்கலாம், இல்லேன்னா பெல்லட் நிலைகொள்ளாம ஆடிக்கிட்டே பறக்குதுன்னு அர்த்தம். முதல் கோளாறைத் தீர்க்காம டப்பா டப்பாவா மாத்தினா விடை வராதுங்க. பெல்லட்டோட வித்தியாசத்தை விடத் துப்பாக்கியோட ஆட்டம் பெருசா இருக்குது.

அந்த 14 மி.மீ. பத்தி. மூணு ரவைக் குரூப்பை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஒரே துப்பாக்கி, ஒரே பெல்லட், ஒரே ஆள்னே வெச்சுக்குவோம். மூணு ரவை சராசரியா 15 மி.மீ. வந்தா, அஞ்சு ரவை 19 வரும், பத்து ரவை 24 கிட்ட வரும். ரவை கூடக் கூட ஒண்ணாவது ஓரத்துல விழ வாய்ப்புக் கூடுது, அவ்வளவுதான். அதும்போக மூணு ரவைக் குரூப் ஒண்ணுக்கொண்ணு தாறுமாறா ஏறி இறங்கும். பத்து ரவைக் குரூப் ரெண்டு அடிங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா மட்டும் அதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

துப்பாக்கிய என்னென்ன பார்க்கணும்னு பட்டறை அண்ணன் சொன்னா நல்லா இருக்கும்.


பீளமேடு பட்டறை:

சொல்றேனுங்க. எல்லாச் சோதனையும் காக் பண்ணாம (ஸ்பிரிங்கை இழுத்து மாட்டாம), பெல்லட் இல்லாம. சுட்டுப் பார்க்கணும்னு நான் சொல்ற இடத்துல மட்டும் பெல்லட் போட்டு, பின்தடுப்பு வெச்சுச் சுடுங்க. வெத்தாச் சுடவே கூடாது. முன்னால பெல்லட் இல்லேன்னா காத்து மெத்தையாட்டம் தாங்காம பிஸ்டன் நேரா அது ஓடற ட்யூப் முனையில மோதி சீலும் ஸ்பிரிங்கும் போயிரும்.

முதல்ல கட்டை ஸ்க்ரூ, அதாவது தோள்ல வெக்கற கட்டையை ட்யூபோட பிடிக்கற ஸ்க்ரூ. முன்பக்கம் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, ட்ரிக்கர் கார்டுல ஒண்ணோ ரெண்டோ இருக்கும். பிஸ்டன் முன்னால பாயறப்ப துப்பாக்கி பின்னால உதைக்குது, பிஸ்டன் முட்டி நிக்கறப்ப முன்னால இழுக்குது. ரெண்டு திசையிலயும் இப்படி உலுக்கறதால சில நூறு ரவையிலயே ஸ்க்ரூ தானா இளகும். கழட்டி, மரையில இருக்கற எண்ணெய்ப் பசையைப் பெட்ரோல் தொட்ட துணியில துடைச்சு, நல்லா ஆறவிட்டு, நீல லாக்டைட் (ஸ்க்ரூ இளகாம இருக்கற பசை) ஒரு சொட்டு வெச்சு இறுக்குங்க. சிவப்பு வேண்டாம், அடுத்தவாட்டி கழட்டச் சூடு காட்ட வேண்டி வரும். மரக்கட்டைன்னா ஸ்க்ரூத் தலைக்கு அடியில கப் வாஷர் இருக்குதான்னு பாருங்க. இல்லேன்னா இறுக்க இறுக்க மரம் நசுங்குமே தவிர ஸ்க்ரூ பிடிக்காது.

அடுத்து பேரல் மடங்கற இடத்து போல்ட். மூடின நிலையில ஒரு கையில ட்யூபை அழுத்திப் பிடிச்சு, இன்னொரு கையில பேரல் நுனியை இடம் வலமா அசைங்க. 'டிக்'னு ஒரு சின்ன ஆட்டம் தட்டுப்பட்டாலே தப்பு. ஸ்கோப் ட்யூப் மேல இருக்குது, பேரல் தனியா ஆடுது. 40 செ.மீ. பேரல்ல நுனி 0.1 மி.மீ. நகர்ந்தா 25 மீட்டர்ல குறி 6 மி.மீ. தள்ளிப்போகும். போல்ட்டைக் கால் சுத்தா இறுக்கிப் பார்த்துப் போங்க. ஆட்டமும் இருக்கக் கூடாது, மடக்கறதுக்குக் கரகரன்னும் இருக்கக் கூடாது.

மூணாவது பிரீச் சீல், பேரல் ட்யூபோட சேர்ற இடத்துல காத்தை அடைக்கற வளையம். பேரலும் ட்யூபும் சேர்ற கோட்டு மேல விரற்கடை அகலத்துக்கு ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு, பெல்லட் வெச்சுச் சுடுங்க. பேப்பர் துள்ளினா காத்துக் கசியுது. கசிவு ஒரே அளவா இருக்காது, ஒவ்வொரு ரவைக்கும் மாறும். அதனால வேகம் மாறி ரவை மேலயும் கீழயுமா விழும். ஓ-ரிங்கா இருந்தா பழசைக் கையில கொண்டுபோய்க் கோவையில பம்ப்செட் ஸ்பேர் விக்கற எந்தக் கடையிலயும் அளவு பொருத்தி வாங்கலாம், பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். பழசு நல்லாத்தான் இருக்குது, தணிஞ்சு மட்டும் போச்சுன்னா, அடியில விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஒரு வளையம் வெட்டிப் போட்டாலே தூக்கிக் கொடுத்துரும்.

நாலாவது ஸ்கோப். உங்க 10 மீட்டர் விரிசலுக்கு இதுமேலதான் எனக்குச் சந்தேகம். சாதாரண வேட்டை ஸ்கோப்புக்கு பாரலாக்ஸை (கண்ணு நகர்ந்தாலும் குறி நகராத தூரத்தை) 100 கஜத்துல வெச்சுத்தான் கம்பெனியிலேயே மூடுவாங்க. 32 மி.மீ. முன்கண்ணாடி இருக்கற அந்த மாதிரி ஸ்கோப்புல, கண்ணு நடுவுல இருந்து ஓரத்துக்குப் போனா 10 மீட்டர்ல அதிகபட்சம் 14 மி.மீ. வரைக்கும் குறி நகரும், 25 மீட்டர்ல 12 மி.மீ. கிட்ட. இதை ரெண்டு நிமிஷத்துல பார்த்தறலாம். ரைபிளை மணல் மூட்டை மேல படுக்க வெச்சு, கையே படாம, கண்ணை மட்டும் மேலயும் கீழயும் நகர்த்துங்க. கம்பி புள்ளி மேல ஊர்ந்தா அதுதான் பாரலாக்ஸ். 10 மீட்டர்ல இருந்து தூரம் திருப்பி வெக்கற வளையம் இருக்கற ஸ்கோப் வாங்கினா நல்லது. அதுவரைக்கும் கன்னம் கட்டையில ஒவ்வொருவாட்டியும் ஒரே இடத்துல உக்காரணும். கட்டையில சின்னதா ஒரு டேப் ஒட்டி, அது கன்னத்துல தட்டுப்படற மாதிரி வெச்சுக்குங்க. மவுண்டுக்கு (ஸ்கோப்பைப் பிடிக்கற வளையத்துக்கு) பின்னால பென்சில்ல ஒரு கோடும் போட்டு வைங்க. நூறு ரவைக்கப்புறம் மவுண்ட் அந்தக் கோட்டை மறைச்சிருந்தா ஸ்கோப் பின்னால ஊருதுன்னு அர்த்தம், ஸ்டாப் பின் வேணும். ரைபிள் ஸ்கோப்னு பேர் இருந்தா மட்டும் போதாது. முன்னால பின்னால ரெண்டு பக்க உதையையும் தாங்கும்னு போட்டிருக்கறதைப் பார்த்து வாங்குங்க.

கடைசியா பேரல் உள்பக்கம். தூண்டில் நரம்பை ரெண்டா மடிச்சுப் பின்பக்கத்துல இருந்து நுனிக்கு விட்டு, மடிப்புல ஒரு அங்குலத்துக்குப் பனியன் துணி கோத்து இழுங்க. கருப்பு வர்றது நிக்கற வரைக்கும், எட்டு பத்துத் துணி போகும். இரும்புக் கம்பி, பித்தளை பிரஷ் ரெண்டும் வேண்டாம். ஏர் ரைபிள் பேரல் மிருதுவான இரும்பு, நுனி விளிம்பு தேஞ்சா அப்புறம் எந்த பெல்லட்டும் குரூப் சேராது. அந்த விளிம்பைப் பஞ்சு பட்ஸ்ல ஒரு சுத்து சுத்திப் பாருங்க, எங்கியாவது பஞ்சு இழை பிடிச்சா அங்க பிசிறு இருக்குது. உள்ள எண்ணெய் விட்டு சுடாதீங்க. பிஸ்டன் அழுத்தற சூட்டுல எண்ணெய் ஆவி பத்தி வெடிச்சு சீலைத் தின்னுரும். வெடிச்சத்தமும் புகையும் வந்தா அதேதான்.

பேரலைக் கழுவினதும் முதல் 20, 30 ரவை அங்கியும் இங்கியும் போகும். ஈயம் ஒரு படலம் பிடிச்சதும் நிலைக்கு வந்துரும், பதறாதீங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு. பேரலை மடிச்சு பெல்லட் போடறப்ப இன்னொரு கை பேரலை விடவே கூடாது. ட்ரிக்கர் நழுவுச்சுன்னா பேரல் அறைஞ்சு மூடும், விரல் நுனி போயிரும்.


நொய்யல்கரை:

இனி பெல்லட்டுக்கு வர்றேங்க. முதல்ல அந்தக் கனம் சமாச்சாரம். கனமான பெல்லட் காத்துக்குக் குறைவா அசையும்ங்கறது பம்ப் பண்ணி நிரப்பற பிசிபி ரைபிளுக்குப் பொருந்தும். ஸ்பிரிங்ல காத்து ஒரே ஒரு நொடித்துளியில அழுந்துது. பெல்லட் கனமா இருந்தா நகரத் தாமதமாகும், முன்னால அழுத்தம் ஏறி பிஸ்டன் பின்னால துள்ளும். அதுல சக்தி வீணாகும், உதை கடுமையாகும், பெல்லட் பேரலுக்குள்ள இருக்கற நேரமும் கூடும். அந்த நேரத்துல துப்பாக்கி ஆடிக்கிட்டேதான் இருக்குது. 0.67 கிராம் பெல்லட் நடுத்தர ஸ்பிரிங் ரைபிளுக்குப் பாரம். ரொம்ப லேசா இருந்தா வேற தொந்தரவு, தாங்கல் இல்லாம பிஸ்டன் மோதும். 0.47ல இருந்து 0.56 கிராம் வரைக்கும் தேடினாப் போதும்.

அந்த வரம்புக்குள்ள டெஸ்டை ஆரம்பிக்கறதுக்கு நாலைஞ்சு சொல்றேன். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஆர்எஸ் 0.475 கிராம், ஜேஎஸ்பி எக்ஸ்பிரஸ் 0.510, ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547, எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி 0.56, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் 0.54. எல்லாமே உருண்டைத்தலை. தட்டைத்தலையில ஆர்டபிள்யூஎஸ் மெய்ஸ்டர்குகெல்ன் 0.53 பாருங்க. அது 10 மீட்டருக்குன்னே பண்ணினது, பேப்பர்ல ஓட்டை பஞ்ச் அடிச்ச மாதிரி விழும். ஆனா தட்டைத்தலை காத்தைத் தள்ளிக்கிட்டே போறதால 20 மீட்டர் தாண்டினா வேகம் சீக்கிரம் குறையும். கூர்முனையை விட்டுருங்க. அந்த முனை ஒவ்வொண்ணுலயும் சரியா நடுவுல அமையறது கஷ்டம்.

இதுல எது உங்க பேரலுக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. ஒரே மாடல்ல ரெண்டு ரைபிளுக்கே ரெண்டு பெல்லட் ஒத்துவரும். ஒரு டப்பாவை நாலு பேர் பங்கு போட்டு எடுத்தாத் தேடற செலவு கையைக் கடிக்காது. சுடறதுக்கு முன்னாடியே பாதியைக் கழிச்சுக் கட்டவும் ஒரு வழி இருக்குது.

பேரலை மடிச்சுத் திறந்து வெச்சு, பெல்லட்டைக் கட்டைவிரல்ல அழுத்துங்க. துப்பாக்கியச் சாய்ச்சா தானா கீழ விழுந்தா லூசு. நகத்தால குத்தித்தான் உள்ள போகுதுன்னா, விளிம்புல ஈயம் மெல்லிசா வளையமா சீவி நின்னுச்சுன்னா, டைட்டு. அடுத்து 4 மி.மீ. பிளாஸ்டிக் பூசின கிளீனிங் ராடால மெதுவா நுனி வரைக்கும் தள்ளி ஒரு துணி மேல விழவிடுங்க. போற வழியெல்லாம் கை உணர்வு ஒரே சீரா இருக்கணும். கடைசி ரெண்டு அங்குலத்துல மட்டும் கொஞ்சம் இறுகினா அது சோக் (வேணும்னே ஒடுக்கின நுனி), நல்லதுக்குத்தான்.

இப்ப நகைக்கடைக்காரங்க கண்ணுல வெச்சுப் பார்க்கற அந்தப் பத்து மடங்கு லென்ஸ்ல பெல்லட்டைச் சுத்திப் பாருங்க. பெல்லட்டுக்குத் தலை, நடுவுல ஒடுங்கின இடுப்பு, பின்னால பாவாடையாட்டம் விரிஞ்ச ஸ்கர்ட். தலையைச் சுத்தி, பேரல்ல எத்தனை வரிப்பள்ளமோ அத்தனை கோடு மெல்லிசா, சம ஆழத்துல பதிஞ்சிருந்தா அது பொருந்தற பெல்லட். ஸ்கர்ட்ல மட்டும் கோடு இருந்து தலை மழமழன்னு இருந்தா, தலை பேரல்ல எதையும் பிடிக்காம மிதந்துக்கிட்டு வந்திருக்குது. நுனியைத் தாண்டினதும் அது ஆடும், தூரம் போகப் போகக் கூடுதலா விரியும். உங்க ரெண்டாவது கோளாறு இதுவாவும் இருக்கலாம். ஒரு பக்கம் ஆழமாவும் மறுபக்கம் கோடே இல்லாமலும் இருந்தா பெல்லட் சாஞ்சு ஏறியிருக்குது, இன்னும் மூணு தள்ளிப் பாருங்க.

டப்பாவுல 4.50, 4.51, 4.52னு போட்டிருக்கறது தலை அகலம். 0.01 மி.மீ.தானேன்னு விடாதீங்க, லென்ஸ்ல பார்த்தா அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

தேறின மூணு நாலு வகையை மட்டும் சுடுங்க. ஒவ்வொரு வகை மாத்தறப்பவும் முதல் 15 ரவையைக் கணக்குல சேர்க்காதீங்க. முந்தின பெல்லட்டோட பூச்சு பேரல்ல இருக்கும், அது போகணும். அப்புறம் பத்து ரவைக் குரூப் ரெண்டு. எல்லாம் முடிஞ்சதும் முதல்ல சுட்ட வகையைத் திரும்பவும் ஒரு குரூப் சுடுங்க. அது முதல்ல வந்த அளவுக்கே வந்தா டெஸ்ட் செல்லும். வேற மாதிரி வந்தா நடுவுல எங்கியோ ஸ்க்ரூ இளகியிருக்கும், காத்து மாறியிருக்கும், இல்லேன்னா கை ஓஞ்சிருக்கும். அன்னிக்கு அடிச்சதை எடுத்துக்காதீங்க.

ஸ்கோப்பை ஒரு நாலு செ.மீ. கீழ அடிக்கற மாதிரி வெச்சுட்டா குறிப்புள்ளி கிழியாம இருக்கும். பேப்பர் மெல்லிசா இருந்தா உருண்டைத்தலை கிழிச்சுரும், சார்ட் அட்டையை ஒட்டிக்குங்க. ஓரத்து ரெண்டு ஓட்டையோட வெளி விளிம்பை வெர்னியர்ல அளந்து, தனி ஓட்டை ஒண்ணோட அகலத்தைக் கழிங்க. அட்டையில ஓட்டை 4.5ஐ விடக் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும், அதனால அளந்தே கழிக்கணும்.

பிடி. ஸ்பிரிங் ரைபிளை மணல் மூட்டை மேல நேரா வெச்சோ, இறுக்கிப் பிடிச்சோ சுட்டா குரூப் சேராது. அமெரிக்க ஏர்கன் எழுத்தாளர் டாம் கேலார்ட் 'பீரங்கிப் பிடி'ன்னு பேர் வெச்ச முறைதான் இதுக்கு. மூட்டை மேல உங்க கை, விரிச்ச உள்ளங்கை மேல கட்டை. விரல் மடங்கக் கூடாது, தோள்ல சும்மா தொட்டுக்கிட்டு இருக்கணும். துப்பாக்கி தன் போக்குல உதைக்கட்டும், ஒவ்வொருவாட்டியும் ஒரே மாதிரி உதைச்சாப் போதும். உள்ளங்கை வெக்கற இடத்தை ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால ஒண்ணு, கட்டை நடுவுல ஒண்ணுன்னு ரெண்டு இடம் மாத்திப் பாருங்க. சில ரைபிள் அதுலயே பாதி குரூப்பைச் சுருக்கும்.


பல்லடம் செட்:

உடுமலைன்னு சொல்றீங்க, ஆனா காத்தைப் பத்தி யாரும் விவரமாச் சொல்லலியே. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து வைகாசிக் கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பூராவும் அடிச்சுத் தள்ளும். இத்தனை காத்தாலையை நட்டு வெச்சிருக்கறது அதுக்குத்தானே. 0.547 கிராம் பெல்லட், நொடிக்கு 240 மீட்டர் வேகம்னு வெச்சுக் கணக்குப் போட்டா, நொடிக்கு 3 மீட்டர் பக்கக் காத்து 25 மீட்டர்ல ரெண்டரையில இருந்து மூணு செ.மீ. தள்ளும். அந்தக் காத்துல தென்ன ஓலை லேசா ஆடும், அவ்வளவுதான். விட்டு விட்டு அடிச்சா உங்க எட்டு செ.மீ.ல மூணுல ஒரு பங்கு அங்கியே தீர்ந்துருச்சு. தோப்புக்குள்ள மரத்துக்கு மரம் காத்து திசை மாறும், வெட்டவெளியை விட மோசம். காத்தால ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிச்சுக்குங்க. சுடற இடத்துக்கும் டார்கெட்டுக்கும் நடுவுல ரெண்டு குச்சியில நூல் கட்டித் தொங்கவிட்டா காத்து தெரியும். நூல் தொங்கறப்ப மட்டும் சுடுங்க.

இதைவிட நல்ல இடம் பேட்ச் இறக்காம காலியா இருக்கற பிராய்லர் செட். நீளம் தாராளமா இருக்கும், ரெண்டு பக்கப் படுதாவையும் இறக்கிட்டா காத்து நின்னுரும். ஆனா ஈயம் ஒரு துணுக்குக்கூட தரையில விரிச்ச தேங்காய் மஞ்சியில விழக் கூடாது. கோழி கல்லுப் பொறுக்கற மாதிரி அதையும் பொறுக்கித் தின்னும், ஈயம் ஏறிச் சாகும். அடியில தார்ப்பாய் விரிச்சு, பெல்லட் சிதறாத மாதிரி பெட்டி வைங்க.

பெட்டிக்கு ஒரு அடி ஆழ மரப்பெட்டி, பின்னால 3 மி.மீ. இரும்புத் தகடு, உள்ள திருப்பூர் பனியன் வேஸ்ட். கையால அமுக்கி அமுக்கி, இனி விரல் நுழையாதுங்கற வரைக்கும் திணிங்க. முன்னால அட்டை. 4.5 மி.மீ. பெல்லட் பாதி ஆழம் போகறதுக்குள்ள நின்னுரும். ஒரே இடத்துல சுட்டுக்கிட்டே இருந்தா அங்க குழி விழும், இருநூறு ரவைக்கு ஒருவாட்டி துணியைக் கிளறித் திரும்ப அமுக்குங்க. கருங்கல், சிமென்ட் சுவர், கடின மரம் எதுவும் பின்தடுப்புக்கு ஆகாது, ரவை திரும்பி வரும். சுடறவங்களும் பக்கத்துல நிக்கறவங்களும் கண்ணுக்குக் கண்ணாடி போடணும். முடிச்சதும் கையை சோப்புப் போட்டுக் கழுவாம டீ டம்ளரைத் தொடாதீங்க.

2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழலோ 20 ஜூலுக்கு மேற்பட்ட சக்தியோ இருந்தா லைசென்ஸ் வேணும். இந்த பெல்லட் 240 மீட்டர் வேகத்துல 15.8 ஜூல்தான் வருது. தோப்புல மயில், அணில் மேல யாரும் நீட்டாதீங்க. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை.


உடுமலைத் தோப்பு:

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. சொன்ன வரிசையிலயே பண்ணியாச்சு. முன்பக்க இடது ஸ்க்ரூ முக்கால் சுத்து இளகியிருந்துச்சு. டிஷ்யூ பேப்பர் துள்ளுச்சு, ஓ-ரிங் மாத்தினேன், இப்ப அசையறதில்லை. ஸ்கோப் கம்பி பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே புள்ளி மேல ஊருது. இப்போதைக்குக் கன்னத்துக்கு டேப் ஒட்டியிருக்கு. 10 மீட்டர்ல பத்து ரவை 9 மி.மீ.

ஆறு வகையைத் தள்ளிப் பார்த்ததுல மூணுதான் தேறுச்சு. காத்தால, படுதா இறக்கின செட்ல, 25 மீட்டர், பத்து ரவைக் குரூப் ரெண்டு ரெண்டு. 0.475 கிராம்: 31, 29. 0.547 கிராம், தலை 4.52: 22, 24. தட்டைத்தலை 0.53: 27, 38. கடைசியில திரும்ப 0.475 போட்டேன், 30 வந்துச்சு. என்கிட்ட இருந்த பழைய உருண்டைத்தலையைத் தள்ளினப்ப தலையில ஒரு கோடுகூட இல்லீங்க, அப்படியே மழமழன்னு வந்து விழுந்துச்சு.

22ஐ இன்னும் இறக்க முடியுமா? எடை போட்டுப் பிரிக்கணுமா?


காரமடை:

கட்டாயம் எடை போடுங்க. நகைத் தராசு 0.001 கிராம் காட்டறது வாங்கி, 0.005 கிராமுக்கு ஒரு குவியலாப் பிரிச்சுச் சுட்டா குரூப் சுருங்கும். 0.01 கிராம் தராசு இதுக்குப் பத்தாது.


நொய்யல்கரை:

காரமடை அண்ணா சொல்றது 50 மீட்டருக்குச் சரிங்க. 25க்கு அந்த வேலை வீண்னு நினைக்கறேன். 0.547 கிராம்ல 0.0065 கிராம் வித்தியாசம்னா எடையில 1.2 சதவீதம், வேகத்துல 0.6 சதவீதம். 25 மீட்டர் போறதுக்குள்ள பெல்லட் மொத்தமா 6 செ.மீ. கிட்ட விழுகுது. அதுல 1.2 சதவீதம் 0.7 மி.மீ.தான். 22 மி.மீ. குரூப்புல அது கண்ணுக்கே தெரியாது. டப்பாவுக்குள்ள நூத்துல ஒண்ணு ரெண்டு ரொம்ப லேசா வந்தா அதைக் கழிக்கறதுக்குத் தராசு உதவும், அவ்வளவுதான்.

அந்த நேரத்தை ஸ்கர்ட்டைப் பார்க்கறதுல போடுங்க. டப்பா கூரியர்ல குலுங்கி வர்றப்ப ஓரம் நசுங்கும். வெளிச்சத்துல பின்பக்கமாப் பார்த்தா வட்டம் எங்க கோணியிருக்குதுன்னு தெரியும், அதையெல்லாம் தனி டப்பாவுல போட்டு பேரல் சூடேத்தற முதல் ரவைகளுக்கு வெச்சுக்குங்க. அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டை லேசாச் சாய்ச்சு பெல்லட்டை உருட்டி விடுங்க. தலையும் ஸ்கர்ட்டும் வேற வேற அகலம்ங்கறதால நேராப் போகாது, வில்லாட்டம் வளைஞ்சு போகும். எல்லாம் ஒரே இடத்துல வந்து விழணும். விலகிப் போறதைக் கழிச்சுருங்க, நூறு ரவைக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ரெண்டு சோதனை பாக்கி இருக்குது. அதே 0.547 கிராம்ல 4.51 தலை ஐம்பது வாங்கி லென்ஸ்லயும் பேப்பர்லயும் 4.52வோட ஒப்பிடுங்க. அடுத்தது உக்கார வைக்கற ஆழம். பத்து ரவை விளிம்போட சமமா, பத்து ரவை தேஞ்சு உருண்ட பேனா முனையால ஒரு 2 மி.மீ. உள்ள தள்ளி. உள்ள தள்ளறப்ப ஸ்கர்ட் சீலைத் தாண்டி ஒரே இடத்துல நிக்குது, சில பேரல்ல மேல கீழ விழறது குறையும். சில பேரல்ல வேகம் குறையறதைத் தவிர ஒண்ணும் நடக்காது. அப்ப விளிம்போட விட்டுருங்க.


பீளமேடு பட்டறை:

சாதா 4×32 ஸ்கோப்போட 22 வந்துருச்சுன்னா அந்தப் பேரல் நல்ல பேரலுங்க. பாரலாக்ஸ் திருப்பற ஸ்கோப் போட்டதும் இன்னும் கொஞ்சம் குறையலாம், அதுக்கப்புறம் 4.51 டெஸ்டை வெச்சுக்குங்க. ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது குறைச்சுதுன்னு தெரியாமப் போயிரும்.

எது ஜெயிக்குதோ அந்த டப்பாவோட அடியில ஒட்டியிருக்கற லாட் நம்பரை எழுதி வெச்சு, அதே நம்பர்ல நாலு டப்பா சேர்த்து வாங்குங்க. அச்சு தேய்ஞ்சு மாத்தினா அடுத்த லாட்ல தலை அகலம் ஒரு புள்ளி நகரும், நீங்க முதல்ல இருந்து தள்ளிப் பார்க்க வேண்டி வரும். ஓ-ரிங்கும் ரெண்டு வாங்கிப் போட்டுக்குங்க.